முப்பது மதிப்பெண் தாளா, மருமகளின் வாய்மொழியா? டெல்டாவில் மறதி நோயைக் கண்டறிவதும் எழுதிவைப்பதும்

காவிரி டெல்டாவில் பொது மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இது வாரம் தவறாமல் வரும் சிக்கல். எழுபதைத் தாண்டிய ஒருவரை மகனோ மகளோ அழைத்து வருகிறார். "கொஞ்ச நாளாக அப்பாவுக்கு மறதி அதிகம். வயதானால் அப்படித்தானா, இல்லை வேறு ஏதாவதா?" வெளியே டோக்கனோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. கையில் இருப்பது பத்து நிமிடம், நெருக்கிப் பிடித்தால் பதினைந்து. அதற்குள் இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும். இது டிமென்ஷியா எனும் மறதி நோய்தானா என்பதை எந்த வழியில் தீர்மானிப்பது? தீர்மானித்ததை ஓ.பி. சீட்டில் எப்படி எழுதுவது? முதலாவதைப் பற்றி மருத்துவக் கல்லூரியில் கொஞ்சமாவது சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆனால் நிலம், உயில், பென்ஷன் என்று அந்தக் குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் துரத்தப்போவது அந்தச் சீட்டில் உள்ள இரண்டு வரிதான்.

2023-ல் வெளியான லாசி-டாட் என்ற முதியோர் பற்றிய தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட மன்னார்குடிப் பக்கத்து, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர்களில் வீட்டைக் காத்துக்கொண்டு இருப்பவர்கள் இந்த வயதுக்காரர்கள்தான்.

நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. மதிப்பெண் போடும் சோதனைத் தாள். உடனிருப்பவரிடம் கேட்டு நிரப்பும் வினாத்தாள். எடுத்த எடுப்பில் ஸ்கேன். எதையும் தொடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவது. என் தேர்வை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். சிறு ஊர் மருத்துவருக்கு இரண்டாவது வழிதான் முதுகெலும்பு, முதலாவது அதற்குத் துணை. ஸ்கேனுக்கு அளவான இடம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி சிலருக்கு அவசரம், பலருக்கு அலைச்சல்.

தாள் சோதனை

மதிப்பெண் சோதனைகளில் பரவலானது எம்.எம்.எஸ்.இ. 1975-ல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்டது. மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே போனால் சந்தேகப்படு என்பது வழக்கமான கோடு. இந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தால் நம் ஊரில் இது என்ன செய்யும் என்பது விளங்கும். ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்ய 1 மதிப்பெண். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத 1. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வர 5. பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஒரு நடவுக்காரப் பெண்மணிக்கு இந்த எட்டும் போய்விடும். மற்ற எல்லாவற்றுக்கும் பிசகாமல் பதில் சொன்னாலும் அவர் பெறுவது 22. நினைவில் ஒரு குறையும் இல்லாதவரை நோயாளி ஆக்கிவிட்டோம். இதில் ஆங்கிலத் தேதி வேறு கேட்கிறோம். தேதி கேட்டால் விழிப்பவர், ஆடிப்பெருக்கு முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதே தாளில் 28 வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். அவர் மனைவியைத் தனியே கேட்டால், கட்டிய மின்கட்டணத்தையே மறுபடி கட்டப் போய் வரிசையில் நின்ற கதையைச் சொல்வார். வாழ்நாள் முழுவதும் எழுத்தோடும் எண்ணோடும் புழங்கியவருக்கு இந்தத் தாள் மிக எளிது. நோய் தொடங்கியிருந்தாலும் மறைத்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு 2005-ல் வந்த மோகா சோதனை மேல். அதிலும் 30 மதிப்பெண்தான், ஆனால் கேள்விகள் கடினம். 26-க்குக் கீழே சந்தேகம். பன்னிரண்டு ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற விவசாயிக்கு அந்த ஒற்றை மதிப்பெண் எந்த மூலைக்கு? அதிகம் படிக்காதவர்களுக்கு மோகாவிலேயே தனி வடிவம் இருக்கிறது. எம்.எம்.எஸ்.இ. தாளுக்கு உரிமைக் கட்டணம், மோகாவுக்குப் பயிற்சியும் சான்றும் என்று இரண்டுக்கும் வாசலில் கட்டுப்பாடு வந்துவிட்டது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தறியாதவர்களுக்காக ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் உருவாகி 1995-ல் வெளியான ஹிந்தி மனநிலைச் சோதனை நல்ல முன்மாதிரி. படிப்பதையும் எழுதுவதையும் அது தூக்கிவிட்டு, கிராமத்தார் வாழ்க்கையிலிருந்து கேள்விகளை எடுத்துக்கொண்டது. மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வதும் கடிகாரம் வரையச் சொல்வதுமான மினி-காக் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பென்சிலையே பிடித்திராத கை கடிகாரத்தை வரையத் திணறுவதற்கும் மூளைக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் நாமே உள்ளூர்க் கேள்விகளைப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். நானும் கேட்கத்தான் செய்கிறேன். மேட்டூர் திறந்தாயிற்றா, எப்போது திறந்தது? வழக்கமான நாள் ஜூன் 12 என்றாலும் எல்லா ஆண்டும் அந்த நாளில் திறப்பதில்லை. இந்த ஆண்டு என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்பவருக்கு அண்மை நினைவு நன்றாக இருக்கிறது என்று பொருள். (கேட்கும் மருத்துவருக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும், சென்னையிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.) நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற நில அளவுக் கணக்கில் ஊறியவரிடம் ஏழேழாகக் கழிக்கச் சொல்வதைவிட, மூன்றரை வேலிக்கு எத்தனை மா என்று கேட்கலாம். பெண்களிடம் கோலம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஐம்பது ஆண்டாகக் கை பழகிய சிக்குக் கோலத்தை, நோய் ஓரளவு முற்றியவரும் தடுமாறாமல் போட்டுவிடுவார். பழகிய கோலம் சரியாக வருவதால் மூளை சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மாறாக, அவருக்குக் கைவந்த கோலமே குழம்பத் தொடங்கியிருந்தால் விஷயம் பெரியது. அதைச் சொல்ல வேண்டியவர் தினமும் அந்த வாசலைப் பார்ப்பவர்.

இன்னொன்று. இப்படிப்பட்ட உள்ளூர்க் கேள்விகளை எம்.எம்.எஸ்.இ. தாளுக்குள் சொருகிவிட்டு, கூட்டி, முப்பதுக்கு இத்தனை என்று எழுதுவது ஏமாற்று வேலை. அந்த 24 என்ற கோடு அந்தக் கேள்விகளுக்காகப் போடப்பட்டது. மேட்டூர் கேள்வியின் விடையை வரலாற்றுக் குறிப்பாக எழுதலாம், மதிப்பெண்ணாக எழுதக் கூடாது.

தாள் சோதனை எங்கே பலன் தரும்? எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம். அதைவிட, ஒரே ஆளிடம் ஆறு மாதம், ஓராண்டு இடைவெளியில் அதே தாளை மறுபடி வைக்கும்போது. போன முறை 25, இந்த முறை 21 என்றால் அந்தச் சரிவுக்குப் பொருள் உண்டு. ஒரே ஒரு முறை எடுத்த எண்ணை வைத்து நோயின் பெயர் சூட்டுவதுதான் பிழை. காது மந்தமா, கண்ணில் புரையா என்பதைப் பார்க்காமல் எடுத்த எண்ணுக்கு அந்தப் பொருளும் கிடையாது.

உடனிருப்பவரிடம் கேட்பது

உடனிருப்பவரிடம் கேட்கும் வினாத்தாள்களில் ஆஸ்திரேலியாவில் உருவான ஐ.க்யூ.கோட் பரவலானது; 26 கேள்வி, சுருக்க வடிவில் 16. பத்தாண்டுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்லும். சராசரி 3 என்றால் மாற்றமில்லை. அதற்கு மேலே போகப் போகச் சரிவு. ஏ.டி.8 இன்னும் எளிது: எட்டுக் கேள்வி, ஆம் அல்லது இல்லை, இரண்டுக்கு ஆம் வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். கனடாவின் க்ரீ பழங்குடியினரிடமும் நைஜீரியாவின் இபாதானிலும் எழுத்தறிவு குறுக்கிடாமல் சோதிப்பதற்காக வடிவமைத்த சி.எஸ்.ஐ.-டி, நோயாளியையும் உடனிருப்பவரையும் சேர்த்தே விசாரிக்கும். நம் மாநிலத்திலேயே, வேலூர் கிராமத்து முதியோருக்காக உருவாக்கிய சோதனைகள் 2009-ல் வந்தன. நோயாளிக்கு ஒன்று, உடனிருப்பவருக்கு ஒன்று.

ஏன் இந்த வழியை முதலில் வைக்கிறேன்? கல்வி இதில் குறுக்கே வருவதில்லை. ஒருவரை ஊரோடும் படிப்போடும் ஒப்பிடாமல் அவரோடு அவரையே ஒப்பிடுகிறது. மறதி நோயின் இலக்கணமும் அதுதான்: முன்பு இருந்த நிலையிலிருந்து சரிவு, அந்தச் சரிவால் அன்றாடக் காரியம் கெடுவது.

ஆனாலும் இந்த வழி தானாக வேலை செய்துவிடாது. 10/66 என்ற பன்னாட்டு மறதி நோய் ஆய்வுக் குழு பல நாடுகளில் 65 வயது கடந்தவர்களைக் கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்ட முடிவு இதற்குச் சாட்சி. இந்தியக் கிராமம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது வேலூர்ப் பக்கம். அமெரிக்க மனநல வரையறையை அப்படியே வைத்துப் பார்த்தபோது அங்கே நோயாளிகள் 0.3 விழுக்காடு மட்டுமே. அந்தக் குழு தானே சோதித்து அமைத்த முறையில் பார்த்தபோது பல மடங்கு கூடுதல். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்த வரையறைக்கு அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக யாராவது சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சொல்வதில்லை. "அம்மாவுக்கு ஒரு சிரமமும் இல்லை, நாங்கள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறோமே" என்பார்கள். அம்மாவிடம் யாரும் எந்த வேலையும் கேட்பதில்லை, ஆகவே எந்த வேலையும் கெடுவதில்லை. மூன்று வேளையும் தட்டு தேடி வந்துவிடும் வீட்டில் நோய் ஐந்தாறு ஆண்டு ஒளிந்திருக்க முடியும்.

ஆகவே "ஏதாவது சிரமம் உண்டா?" என்ற கேள்வியே பயனற்றது. வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். விவசாயி என்றால்: மடையை யார் திறந்து அடைக்கிறார்? அடைக்க மறந்து பக்கத்து வயல் மூழ்கியதுண்டா? கொள்முதல் நிலையத்தில் எத்தனை சிப்பம் போட்டோம் என்று வீட்டுக்கு வந்து சொன்னாரா? உரக்கடையில் கொடுத்த பணத்தை மறுபடி கொடுத்தாரா? குத்தகைக்காரரோடு கணக்குப் பேசுவது இன்னும் அவர்தானா, எப்போது நிறுத்தினார், ஏன்? பெண்கள் என்றால்: குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்ததா? அடுப்பில் பால் வைத்ததை மறந்தாரா? குழுக் கடன் தவணை நாள் தெரிகிறதா? பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேற்று சொன்னது இன்று நினைவிருக்கிறதா?

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வரிசையில் நின்று செய்யும் வேலை நோயை மறைக்கும். நடவில் பத்துப் பேரோடு குனிந்து நிற்கும் பெண்மணி, பக்கத்தில் இருப்பவர் போகும் வேகத்தில் தானும் போவார். நாற்றைப் பிடிக்கும் விரலுக்கு மறதி இல்லை. தனியே முடிவெடுக்கும் வேலைதான் முதலில் உடையும். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த வயலுக்கு முதலில் தண்ணீர், மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பவை அப்படிப்பட்டவை. ஆகவே "இன்னும் வயலுக்குப் போகிறார்" என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது. போய் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும்.

காலத்தையும் ஊர்க் கணக்கில் கேட்டால்தான் சரியாக வரும். "எத்தனை மாதமாக?" என்றால் எல்லோரும் ஆறு மாதம் என்பார்கள். 2016 மகாமகத்துக்குக் கும்பகோணம் போனபோது எப்படி இருந்தார்? கஜா புயலில் ஓடு பறந்தபோது வீட்டை யார் நிர்வகித்தார்? 2020-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்குத் தனியே பஸ் ஏறிப் போய்வந்தாரா? இப்படிக் கேட்டால் ஆறு மாதம் என்றவர், யோசித்து, "இல்லை, அதற்கும் முன்பே" என்பார். ஐ.க்யூ.கோட் கேட்கும் பத்தாண்டுக்கு முந்தைய நிலையை நினைவுபடுத்த மகாமகத்தைவிட நல்ல அடையாளம் நம் பக்கத்தில் இல்லை.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். அழைத்து வருபவர் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த மகன். பணம் அனுப்புபவர், பொறுப்பாகப் பேசுபவர், ஆனால் அன்றாடம் தெரியாதவர். போனில் ஐந்து நிமிடம் பழங்கதை பேசும் தகப்பன் அவருக்கு நலமாகவே தெரிவார். மறதி நோய் பழைய நினைவைக் கடைசியில்தானே தொடும்! உண்மையில் தெரிந்தவர் வாசலுக்கு வெளியே பையோடு நிற்கும் மருமகள். அவரை உள்ளே கூப்பிட வேண்டும். மாமனார் முன்னிலையில் அவரால் பேச முடியாது. தனியே ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். மருமகளும் இல்லாத வீடு என்றால் பண்ணையில் வேலை பார்ப்பவர், எதிர்வீட்டுக்காரர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்.

சொல்பவருக்கு நிலத்தில் அக்கறை இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. பாகம் பிரியாத மூன்று வேலி இருக்கும் வீட்டில், மூத்தவர் "அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பார், இளையவர் "அப்பா தெளிவாக இருக்கிறார்" என்பார். இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று பொருளல்ல; அவரவர் பார்க்க விரும்பியதைப் பார்க்கிறார்கள். தாள் சோதனை துணைக்கு வருவது இங்கேதான். வாய்மொழியும் தாளும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் முடிவைத் தள்ளிவைத்து, இன்னொரு ஆளிடம் கேட்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன், ரத்தம், பெரிய ஆஸ்பத்திரி

ஸ்கேனை முதல் வழியாக வைப்பவர்கள் இன்று நிறையப் பேர். குடும்பமும் அதைத்தான் கேட்கிறது. "வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்" என்று அறிக்கை வரும்; அதையே நோயின் பெயராக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எண்பது வயதில் மூளை சுருங்காதவர் அரிது. மறதி நோயை ஸ்கேன் தனியே தீர்மானிப்பதில்லை. அது பிடிப்பது வேறு: மண்டைக்குள் தேங்கிய ரத்தம், கட்டி, பழைய பக்கவாதத்தின் தழும்புகள், மூளைநீர் தேக்கம். வரப்பில் வழுக்கி விழுந்து தலை இடித்த முதியவருக்கு, அடி சாதாரணமாகத் தோன்றினாலும், வாரங்கள் கழித்துக்கூட ரத்தம் தேங்கிப் புத்தி மந்தமாகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். அறுவை செய்தால் தேறிவிடக்கூடிய நோய் அது. இதற்குச் சாதாரண சி.டி. ஸ்கேன் போதும். எம்.ஆர்.ஐ. நோயின் வகையைப் பிரித்தறிய உதவும். முதல் நாளே வேண்டியதில்லை.

ஸ்கேனுக்கு முன்பே செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் செலவில்லாதவை. ஒன்று, மஞ்சள் பையைக் கொட்டச் சொல்லி மாத்திரைகளைப் பார்ப்பது. தூக்கத்துக்கு அல்பிரசோலம், கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், சளிக்குப் பழைய வகை மாத்திரை: இவை நான்கும் முதியவரின் நினைவை மழுங்கடிப்பவை, சில பைகளில் நான்குமே இருக்கும். இரண்டாவது, குழப்பம் எப்போது தொடங்கியது என்ற கேள்வி. மூன்று நாளாக, ஒருநேரம் தெளிவு ஒருநேரம் பிதற்றல் என்றால் அது டெலிரியம் எனும் திடீர்க் குழப்ப நிலை. சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, நிமோனியாவோ காரணமாக இருக்கும். அன்றே படுக்கையில் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் எந்த நினைவுச் சோதனையும் வைக்கக் கூடாது. துணையை இழந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவரிடம் மனச்சோர்வையும் தேட வேண்டும். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை பார்ப்பது கட்டாயம். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளிடமும் மரக்கறி மட்டும் உண்பவர்களிடமும் பி12 குறைவு சாதாரணமாகக் காணக்கூடியது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ திருச்சிக்கோ உடனே அனுப்ப வேண்டியவர்கள் யார்? அறுபத்தைந்துக்குள் தொடங்கியவர்கள், வாரக்கணக்கில் வேகமாகச் சரிபவர்கள், வலிப்பு வந்தவர்கள், நடை தடுமாறிச் சிறுநீரும் கட்டுப்படாதவர்கள், மறதிக்கு முன்பே குணம் மாறியவர்கள், இல்லாத ஆட்களைக் கண்ணால் பார்ப்பவர்கள். மற்றவர்களை விடிகாலை பஸ் ஏற்றி, தெரியாத கூட்டத்தில் அரைநாள் உட்காரவைத்தால், அங்கே மருத்துவர் பார்ப்பது அவருடைய வழக்கமான நிலையாக இருக்காது. வீட்டுப் பக்கத்திலேயே முதல் கட்ட வேலையை முடித்து, எழுதிய குறிப்போடு அனுப்பினால் அந்த ஒரு பயணமே போதுமானதாக இருக்கும்.

எழுதுவது எப்படி

ஓ.பி. சீட்டுகளில் நான் பார்ப்பது மூன்று வகை. முதல் வகை, "முதுமை மறதி, டோனபெசில் 5" என்ற ஒற்றை வரி. எழுத அரை நிமிடம். அடுத்து பார்ப்பவருக்கு அதனால் எதுவும் தெரியாது. நாடி மெதுவாக ஓடுபவருக்கு டோனபெசில் எனும் இந்த மறதி நோய் மருந்து அதை இன்னும் மெதுவாக்கும் என்பதால் நாடி பார்த்தார்களா என்பதுகூட அதில் இருக்காது. இரண்டாவது வகை குறியீடும் எண்ணும்: எஃப்03, எம்.எம்.எஸ்.இ. 17. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் எஃப்00 அல்சைமர் வகை மறதி நோய், எஃப்01 ரத்தக்குழாய் சார்ந்தது, எஃப்03 வகை தெரியாதது. காப்பீட்டுக்கும் புள்ளிவிவரத்துக்கும் இது தேவை. ஆனால் 17 வாங்கியவர் படிக்காதவரா, செவிடரா, அன்று காய்ச்சலில் இருந்தாரா என்பதை எண் சொல்லாது. மூன்றாவது வகையை நான் பரிந்துரைக்கிறேன். மாதிரிக்கு ஒன்று:

"வயது 74, ஆண், ஐந்தாம் வகுப்பு, விவசாயம். தகவல் சொன்னவர் மருமகள், ஒன்பது ஆண்டாக ஒரே வீட்டில். மகன் வெளிநாட்டில். 2020 வரை கணக்கு வழக்கைத் தாமே பார்த்தார். அதன் பிறகு மெல்லக் கூடுகிறது. சென்ற சம்பாவில் மடையை அடைக்காமல் மூன்று முறை வந்துவிட்டார். உரத்துக்கு இரு முறை பணம் கொடுத்தார். குளிப்பது, உண்பது தாமே. தெருவில் வழி தவறவில்லை. ஏற்ற இறக்கம், மாயக்காட்சி, வீழ்ச்சி இல்லை. இடது காது மந்தம், உரக்கப் பேசிச் சோதித்தது. ஐந்து நிமிடம் கழித்து மூன்று சொல்லில் ஒன்று மட்டும் நினைவு. நாடி 72. பி12, தைராய்டு எழுதியது. மறதி நோயாக இருக்கக்கூடும், ஆரம்ப நிலை, சி.டி.ஆர். 1. வகை இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆறு மாதத்தில் மறுபார்வை."

எழுத நான்கு நிமிடம் ஆகும். சி.டி.ஆர். என்பது நிலையைக் குறிக்கும் அளவுகோல்: 0 நலம், 0.5 ஐயம், 1 லேசு, 2 நடுத்தரம், 3 கடுமை. மாறாமல் இருப்பவற்றையும் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த முறை எது போயிற்று என்று ஒப்பிட அதுதான் உதவும். "இருக்கக்கூடும்", "தீர்மானிக்கவில்லை" என்று எழுத வெட்கப்படத் தேவையில்லை. முதல் நாளிலேயே அல்சைமர் என்று எழுதிவிட்டால், பின்னால் பி12 குறைவுதான் என்று தெரிந்தாலும் அந்தப் பெயர் சீட்டுக்குச் சீட்டு நகலாகிக்கொண்டே போகும். மாயக்காட்சியும் உடல் விறைப்பும் சேர்ந்திருந்தால் லூயி உடல் எனும் வகை மறதி நோயாக இருக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இரவில் கத்துகிறார் என்று வேறு யாராவது ஹாலோபெரிடால் எனும் மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டால் அவருக்கு உயிராபத்தாகவும் முடியும்.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். டெல்டாவில் மருத்துவரிடம் மறதிக்கு மருந்து கேட்டு வருபவர்களுக்குச் சற்றும் குறையாமல் சான்று கேட்டு வருகிறார்கள். "தெளிவான மனநிலையில் இருக்கிறார்" என்று ஒரு வரி வேண்டும், நாளைக்கு சார்பதிவாளர் அலுவலகம் போகிறோம் என்பார்கள். அல்லது எதிர்த்தரப்பு, அவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று ஒரு வரி கேட்கும். இரண்டு ஒற்றை வரிகளையும் மறுப்பதே சரி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயைக் கண்டறிந்ததாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது. 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு, தெளிவான இடைவேளையில் எழுதிய உயில் செல்லும் என்கிறது. ஆக, கேள்வி அவருக்கு நோய் உண்டா என்பது அன்று. இந்தக் காரியத்தை, இந்த நாளில், இவர் புரிந்துகொண்டு செய்கிறாரா என்பதுதான். கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுபவருக்கும் நிலம் எந்த மகளுக்குப் போக வேண்டும் என்பதில் தெளிவு இருக்கலாம்.

ஆகவே சான்று எழுதுவதானால் குடும்பத்தாரை வெளியே அனுப்பிவிட்டு அவரிடமே கேட்க வேண்டும். என்ன பத்திரம் இது? உங்களுக்கு எங்கெங்கே எவ்வளவு நிலம்? பிள்ளைகள் எத்தனை பேர்? யாருக்குக் கொடுக்கிறீர்கள், யாருக்கு இல்லை, ஏன்? கொடுத்த பிறகு உங்கள் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு? அவர் சொன்ன பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே, நாளும் நேரமும் போட்டு எழுத வேண்டும். அரை மணி கழித்து மறுபடி கேட்டு அதே பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவருக்கு அனுப்ப வேண்டும், கையெழுத்துப் போடக் கூடாது. அதே மனநலச் சட்டத்தின்படி சிகிச்சை முடிவுகளுக்காக ஒரு பிரதிநிதியை அவர் முன்கூட்டியே நியமித்துவைக்கலாம். லேசான நிலையிலேயே இதைச் சொல்லிவிடுவது மருத்துவரின் வேலை. அந்தப் பிரதிநிதிக்கு நிலத்தின்மீது எந்த அதிகாரமும் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொத்து நிர்வாகத்துக்குக் காப்பாளர் வேண்டுமென்றால் நீதிமன்றம்தான்.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு வேறு அளவுகோல். ஐடியாஸ் எனப்படும் இந்திய அளவுகோலில் சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண், நோயின் காலத்துக்கு மேலும் 4 வரை, மொத்தம் 20. கூட்டுத்தொகை 7-ஐத் தொட்டால் 40 விழுக்காடு ஊனம், உதவிகளுக்கான வாசல் அங்கேதான் திறக்கிறது. அந்த நான்கில் சுயபராமரிப்புக்கும் வேலைக்கும் மேலே உள்ள மாதிரிக் குறிப்பிலேயே விடை இருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்; மற்ற இரண்டுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். நோய் தொடங்கிய ஆண்டும் அதில் இருப்பதால் கால மதிப்பெண்ணுக்கும் ஆதாரம் ஆகிறது. எம்.எம்.எஸ்.இ. 17 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போனால் சான்று தரும் மருத்துவ வாரியத்தில் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்த மருமகள் அன்று வந்திருக்கவும் மாட்டார். குறிப்பின் நகல் ஒன்றைத் தமிழில் வீட்டாரிடம் கொடுத்து, குடும்ப அட்டையும் பட்டாவும் வைத்திருக்கும் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டால் போதும்.